ஆசிரியர் பயிற்சி: முதல் நாள் வீண், இரண்டாம் நாளுக்குக் காசு கொடுக்கலாம்

எங்களுடையது சிபிஎஸ்இ பள்ளி. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது விதி. அதில் பாதியைப் பள்ளிக்குள்ளேயே நடத்திக்கொள்ளலாம். முதல்வர் என்ற முறையில் அந்த மணிக்கணக்கை நிரப்புவது என் தலைவலி. மத்திய அரசின் தீக்ஷா இணையதளத்தில் ஆசிரியர்களுக்கான நிஷ்தா பயிற்சிப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, கடைசித் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். ஆனால் வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுவே காணொளியை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் இந்த முறை வெளியாட்களைக் கூப்பிட்டோம். இரண்டு நாள், 14 ஆசிரியர்கள், 36,000 ரூபாய். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லிவிட்டுப் பெயரையும் போட்டால் அடுத்த முறை தள்ளுபடி கேட்க முடியாது.

முதல் நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பலூன் ஊதச் சொன்னார்கள். அப்புறம் சாயங்காலம் வரை ஸ்லைடு, எல்லாம் ஆங்கிலத்தில், அதையே வாசித்தும் காட்டினார்கள். தமிழாசிரியர் மதியத்துக்குள் விடைத்தாள் ஒரு கட்டைத் திருத்தி முடித்துவிட்டார்.

இரண்டாம் நாள் வேறு ஆட்கள் வந்தார்களோ என்று தோன்றியது. அன்று அவர்கள் சொல்லிக்கொடுத்தது ஜப்பான் பள்ளிகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் பழக்கம் ஒன்று, 'ஜுக்யோ கென்க்யூ', தமிழில் பாட ஆய்வு எனலாம். சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. முடிந்ததும் முதலில் பேசுபவர் பாடம் நடத்தியவர்.

நான்காம் வகுப்பு பின்னம் எடுத்துக்கொண்டோம். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? காகிதப் பட்டையை மடித்துப் பார்த்தால் புரிந்துவிடும் என்பது எங்கள் திட்டம். எனக்கு ஒதுக்கிய சிறுமி மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். நான்காக மடிப்பது அவளுக்குச் சுலபம், பாதியில் பாதி. மூன்றாக மடிக்க வரவில்லை. மூன்று தடவை பிரித்துப் பிரித்து மடித்தாள். கடைசியில் அவள் நிழலிட்ட மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்றைவிடச் சிறியதாக வந்துவிட்டது. "நாலுதான் பெருசு" என்று நிம்மதியாக எழுதி வைத்தாள். 4 பெரிய எண் என்பதால் அவள் மனதில் முதலிலேயே இருந்த தப்பை எங்கள் பட்டையே சரி என்று சொல்லிவிட்டது! கரும்பலகைப் பக்கம் நின்றால் இது தெரிய வழியே இல்லை.

மதியத்துக்கு மேல் இன்னொரு பிரிவில் அதே பாடத்தை நடத்தினோம். இந்த முறை 12 செ.மீ. நீளப் பட்டை, அளவுகோலால் கோடு போட்டு வெட்டச் சொன்னோம். மூன்றில் ஒன்று 4 செ.மீ., நான்கில் ஒன்று 3. பேச்சுக்கே இடமில்லை.

எனக்குக் கிடைத்த பாடம் வேறு. இத்தனை வருடமாக நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியரின் குரலுக்கும் கரும்பலகைக் கையெழுத்துக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். "நீங்க பின்னாடி உட்கார்ந்தா எனக்கு அடுத்த வரி மறந்துடும் மேடம்" என்று அன்றைக்குத்தான் ஒருவர் வாய் திறந்து சொன்னார்.

குறைகளும் உண்டு. ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் ஆலோசனை தருவதாகச் சொன்னார்கள். நானே இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நடந்தது. சான்றிதழில் நான்கு பேருக்குப் பெயர்ப் பிழை. சாப்பாடு எங்கள் செலவு என்பதை முதலில் சொல்லவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கூப்பிடுவதாக இருந்தால் இரண்டாம் நாளை மட்டும் தனியாகக் கேளுங்கள், பேரம் பேசினால் தருகிறார்கள். பார்வையாளர்கள் ஆறு பேருக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் மிரள்கிறார்கள். நாங்கள் இப்போது வெளியாள் இல்லாமலே மாதம் ஒன்று நடத்துகிறோம். அடுத்தது ஆறாம் வகுப்பு அறிவியல், பாடம் எடுக்கப் போவது நான். தமிழாசிரியர் பார்க்க வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.