ஸ்கொயர் லாவா, ஜிஎம்/ஐடி சார்ட்டா: ஆம்ப்ளிஃபையர் டிரான்சிஸ்டருக்கு அளவு போட எது?

வேலூரில் காட்பாடியிலோ பாகாயத்திலோ இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு ஆப்-ஆம்ப் (ஒரு வகை ஆம்ப்ளிஃபையர்) எடுத்தவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் டபிள்யூ/எல், அதாவது டிரான்சிஸ்டரின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம். அகலம், நீளம் இரண்டையும் எதை வைத்து முடிவு செய்வது? என் ஓட்டு ஜிஎம்/ஐடி சார்ட்டுக்குத்தான். ஐடி என்பது டிரெயின் கரண்ட்; கேட் வோல்ட்டேஜ் மாறும்போது அது எவ்வளவு மாறுகிறது என்பது ஜிஎம். இரண்டின் விகிதத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கான அகலத்தை சிமுலேஷனில் எடுத்த வரைபடத்தில் பார்ப்பதுதான் இந்த முறை.

ஸ்கொயர் லா என்பது, கரண்ட் ஓவர்டிரைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்ற பாடப்புத்தகச் சூத்திரம். டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும் த்ரெஷோல்ட் வோல்ட்டேஜை கேட் எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பதே ஓவர்டிரைவ். இதற்குப் பேப்பரும் பேனாவும் போதும். எந்த டிரான்சிஸ்டர் எதை ஆட்டுவிக்கிறது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. எல் நீளமாக, ஓவர்டிரைவ் 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் விடையும் ஓரளவு ஒத்துவரும். ஆனால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஆம்ப்ளிஃபையர் அங்கே ஓடுவதில்லை.

ஒரு கணக்கு போடுவோம். கெயின்-பேண்ட்வித் 10 மெகாஹெர்ட்ஸ், லோடு 2 பிக்கோஃபாரட். தேவையான ஜிஎம் = 2 × பை × 10 மெகா × 2 பிக்கோ, அதாவது 126 மைக்ரோசீமென்ஸ். உள்ளீட்டு ஜோடிக்கு ஜிஎம்/ஐடி 15 என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 8.4 மைக்ரோ ஆம்பியர். மியூ-சிஆக்ஸ் (ப்ராசஸைப் பொறுத்த எண்) வோல்ட் ஸ்கொயருக்கு 300 மைக்ரோ ஆம்பியர் என்று எடுத்தால், ஸ்கொயர் லா டபிள்யூ/எல் 3.15 என்கிறது; எல் 0.5 மைக்ரானுக்கு டபிள்யூ 1.6 மைக்ரான். இந்த அளவில் ஓவர்டிரைவ் 133 மில்லிவோல்ட் என்று அது நம்புகிறது. அங்கே டிரான்சிஸ்டர் மாடரேட் இன்வெர்ஷனில் (பாதி திறந்தும் முழுதாகத் திறக்காமலும் உள்ள நிலையில்) இருப்பதால் சூத்திரமே பொருந்தாது. உண்மையில் கிடைக்கும் ஜிஎம்/ஐடி 10-ஐ ஒட்டியே இருக்கும்; பேண்ட்வித் சுமார் 7 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிடும். சார்ட்டில் அதே எல்லுக்கு ஒரு மைக்ரான் அகலத்துக்கு 1.9 மைக்ரோ ஆம்பியர் என்று வந்தால் டபிள்யூ 4.4 மைக்ரான். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்.

சிமுலேட்டரில் சார்ட் எடுக்க ஒரு மாலை போதும். என்மாஸ் டிரான்சிஸ்டர் ஒன்று, டபிள்யூ 10 மைக்ரான், சோர்ஸும் பாடியும் தரையில், டிரெயின் சப்ளையில் பாதி. கேட்டை 0-விலிருந்து 1.8 வோல்ட் வரை 10 மில்லிவோல்ட் படியில் ஏற்றுங்கள். நான்கைந்து எல் மதிப்புகளுக்கு ஜிஎம்/ஐடி, ஐடி/டபிள்யூ, ஜிஎம்/ஜிடிஎஸ் (டிரான்சிஸ்டரின் சொந்த கெயின்), ஜிஎம்/சிஜிஜி (அதன் வேகம்) நான்கையும் சேமியுங்கள். பிமாஸுக்கும் அப்படியே. ஸ்கைவாட்டர் 130 என்ற சிப் டிசைன் கிட்டை என்ஜிஸ்பைஸ் சிமுலேட்டரில் ஓட்டுவோர் அகலத்தை வெறும் 10 என்றே எழுத வேண்டும். ஸ்கேல் ஏற்கெனவே மைக்ரானில் இருக்கிறது. பின்னால் 'யூ' சேர்த்தால் பொருந்தும் மாடலே கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

என்னை இந்தப் பக்கம் சாய வைப்பது மறுவேலை. ஸ்பெக் மாறாத ப்ராஜெக்ட் கிடையாது. பேண்ட்வித் 20 மெகாஹெர்ட்ஸ் ஆனால், ஜிஎம்/ஐடியைத் தொடாமல் கரண்டையும் டபிள்யூவையும் இரட்டிப்பாக்கினால் போதும். பயாஸ் வோல்ட்டேஜ்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். 180 நேனோமீட்டர் ப்ராசஸிலிருந்து 130-க்குப் போனாலும் அந்த 15-ம் 8.4-ம் மாறாது, ஐடி/டபிள்யூவை மட்டும் புது சார்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கொயர் லாவில் எல்லுக்கு ஒரு மியூ-சிஆக்ஸ், ஓவர்டிரைவுக்கு ஒரு மியூ-சிஆக்ஸ் என்று ஒவ்வொரு முறையும் பொருத்திப் பார்த்தே நாள் போய்விடும்.

வெப்பத்துக்கும் இதே கதை. என்ஜிஸ்பைஸ் தானாக எடுத்துக்கொள்வது 27 டிகிரி. மே மாத வேலூரில் அறையே 40-ஐத் தாண்டும், மூடிய பெட்டிக்குள் இன்னும் கூடும். 85 டிகிரியில் ஜிஎம்/ஐடியின் உச்சமே தோராயமாக 28-லிருந்து 24-க்கு இறங்கும். அந்த டிகிரிக்கும் ஒரு சார்ட் எடுத்து வைத்தால் எவ்வளவு கரண்ட் கூட்ட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

எல்லா டிரான்சிஸ்டருக்கும் 15 என்று போட்டுவிடாதீர்கள். ஒரு கரண்டை நகலெடுக்கும் கரண்ட் மிரரில், இரு டிரான்சிஸ்டருக்கும் இடையே த்ரெஷோல்ட் பிசகு 5 மில்லிவோல்ட் என்றால், 15-ல் கரண்ட் 7.5 சதவீதம் விலகும், 8-ல் 4 சதவீதம்தான். மிரருக்கு 8 முதல் 10, எல்லும் நீளமாக.

சார்ட்டும் வழுக்கும் இடங்கள் உண்டு. ஒரு மைக்ரானுக்குக் குறைந்த அகலத்தில் ஐடி/டபிள்யூ நிலையாக இருக்காது. டிரெயினில் 0.15 வோல்ட்டே மிஞ்சும் டிரான்சிஸ்டருக்கு, 0.9 வோல்ட்டில் எடுத்த ஜிஎம்/ஜிடிஎஸ் பொய் சொல்லும். அதற்குத் தனி சார்ட் எடுங்கள். டிரான்சிஸ்டரின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸும் லோடில் சேரும் என்பதால் 2 பிக்கோவோடு அதைக் கூட்டி இன்னொரு சுற்று போடுங்கள், பெரும்பாலும் ஒரு சுற்றே போதும். ரேடியோ அலைவரிசை ஆம்ப்ளிஃபையருக்கு இதே 15-ஐ எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்; அங்கே ஜிஎம்/சிஜிஜி வரைபடத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும்.