ஜூடி டெஞ்ச் ஆடியோபுக் எப்படி இருக்கு? பாண்ட் படத்து ‘எம்’மை மட்டும் தெரிஞ்சவங்களுக்கு ஒரு ரிவ்யூ

பிரிட்டிஷ் நடிகை ஜூடி டெஞ்ச், தான் நடிச்ச ஷேக்ஸ்பியர் நாடகங்கள பத்தி பேசுனத வச்சு வந்த ஆடியோபுக் இது. மொதல்லயே சொல்லிடறேன், அவங்க குரல்லயே முழுசா கேக்கலாம்னு நெனச்சு இத வாங்காதீங்க. அட்டைல அவங்க பேரு பெருசா இருக்கும், ஆனா அவங்க பேசுனதுல பெரும்பகுதிய வாசிக்கறது பார்பரா ஃப்ளின்ங்கற இன்னொரு பிரிட்டிஷ் நடிகை. கேள்வி கேக்கற பிரெண்டன் ஓஹே (அவரும் நடிகர், டைரக்டர்) மட்டும் அவர் பகுதிய அவரே பேசறார். டெஞ்ச் குரலும் இருக்கு, ஆனா கம்மி. ஏன்னு ஊகிக்கறது கஷ்டமில்ல, விழித்திரையோட நடுப்பகுதி தேஞ்சுபோற நோய் இருக்குன்னு 2012லயே வெளில சொல்லிட்டாங்க, ரொம்ப நாளாவே ஸ்கிரிப்ட்ட யாராவது வாசிச்சுக் காட்டித்தான் மனப்பாடம் பண்றாங்க. கொஞ்ச நேரம் கடுப்பாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஃப்ளின் அந்த முணுமுணுப்பு, திடீர்னு வர்ற கெட்ட வார்த்தை, சிரிப்பு எல்லாத்தையும் புடிச்சிட்டாங்க, மிமிக்ரி மாதிரி இல்லாம.

புக்கு பேரு ‘ஷேக்ஸ்பியர்: தி மேன் ஹூ பேஸ் தி ரென்ட்’, 2023ல வந்தது, அப்ப அவங்களுக்கு 88 வயசு. அவங்களும் புருஷன் மைக்கேல் வில்லியம்ஸும் (அவரும் நடிகர்தான், 2001ல கேன்சர்ல போயிட்டார்) வீட்ல ஷேக்ஸ்பியர வச்ச பட்டப்பேரு அது, வாடகை கட்டற ஆளு! ரெண்டு பேருக்கும் பொழப்பு ஓடுனதே அவரால. ஓஹே நாலு வருஷம் போல உக்காந்து பேசி ரெக்கார்ட் பண்ணது மொதல்ல லண்டன் குளோப் தியேட்டர் ஆவணக் காப்பகத்துக்குத்தான், டெஞ்ச்சோட பேரன் காதுல விழுந்து, இத மத்தவங்களும் கேப்பாங்களேன்னு சொன்னப்பறம்தான் புக்காச்சு. அதனால சுயசரிதை மாதிரி பொறந்தேன் வளந்தேன்லாம் கெடையாது. ஒவ்வொரு நாடகமா எடுத்து, இந்த சீன்ல இவ ஏன் இப்படி சொல்றா, எங்க மூச்சு விடணும், எந்த வரிய ஓட்டணும்னு ரெண்டு பேரும் போட்டு உரிக்கறாங்க. நடுநடுல ரிஹர்சல், ஆடியன்ஸ், விமர்சகர்கள்னு தனியா பேச்சு வேற.

நம்மள்ல நெறைய பேருக்கு டெஞ்ச்னா ‘கோல்டன் ஐ’ல பாண்ட நிக்க வச்சு கிழிக்கற அந்த உளவுத்துறை பாஸ் அம்மா ‘எம்’தான். படம் 1995, அவங்களுக்கு 60 வயசு. மைக்கேல்தான் எனக்கு ஒரு பாண்ட் பொம்பள கூட வாழணும்னு ஆசைன்னு சொல்லி நடிக்கச் சொன்னாராம். ரெண்டு வருஷம் கழிச்சு ‘மிஸஸ் பிரவுன்’, பிபிசி டிவிக்காக எடுத்தது, தியேட்டருக்கு போய் ஆஸ்கார் நாமினேஷன் வரைக்கும் போச்சு. அடுத்தது ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’, படத்துல மொத்தமே எட்டு நிமிஷம் போல வருவாங்க, 1999ல ஆஸ்கார தூக்கிட்டாங்க. ‘பெல்ஃபாஸ்ட்’ வரைக்கும் மொத்தம் எட்டு நாமினேஷன், எல்லாமே அறுவது தாண்டி வந்தது. சினிமால ஒரு நடிகைக்கு அம்மா ரோல் கூட கொடுக்க யோசிக்கற வயசு அது.

அப்ப அதுக்கு முன்னாடி நாப்பது வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னா அதுதான் இந்த ஆடியோபுக்கே. 1957ல ஓல்ட் விக்ங்கற லண்டன் நாடகக் கம்பெனில, ஹாம்லெட் நாடகத்து ஒஃபீலியாவா ஆரம்பிச்சது. இளம் வயசுல சினிமா ஆடிஷன் போனப்ப ஒரு ஆளு உன் மூஞ்சில எல்லாமே தப்பா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாராம். சரி போடான்னு மேடைக்கே போயிட்டாங்க. 1960ல ஃபிராங்கோ ஜெஃபிரெல்லிங்கற இத்தாலிக்காரர் டைரக்ட் பண்ண ரோமியோ ஜூலியட்ல இவங்க ஜூலியட். ஒரு நாள் ஷோல ‘எங்கம்மா அப்பா எங்க, நர்ஸு?’ன்னு ஜூலியட்டா மேடைல கேக்க, கீழ உக்காந்திருந்த நெஜ அப்பா இங்கதான் இருக்கோம் கண்ணு, ஹெச் வரிசைலன்னு கத்திட்டாராம், இந்த கதைய அவங்க எத்தன பேட்டில சொன்னாலும் சலிக்கல. அப்பா யார்க் ஊர்ல டாக்டரு, அந்த ஊர் தியேட்டர் ஆளுங்களுக்கும் அவர்தான் வைத்தியம்.

எனக்கு ரொம்ப புடிச்சது மேக்பெத் பகுதி. 1976ல ஸ்ட்ராட்ஃபோர்ட்ல தி அதர் பிளேஸ்னு ஒரு தகர ஷெட்டு, ட்ரெவர் நன் டைரக்‌ஷன், இயன் மெக்கெல்லன் மேக்பெத், இவங்க லேடி மேக்பெத், அதாவது ராஜாவ கொல்லச் சொல்லி புருஷன தூண்டற பொண்டாட்டி. செட்டுன்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஆடியன்ஸ் மூச்சு விடற சத்தம் நடிகருக்கு கேக்கும், அவ்ளோ பக்கம். பாதிரியார் ஒருத்தர் நாடகத்துல வர்ற தீய சக்திகிட்டருந்து நடிகர்கள காப்பாத்தறேன்னு சிலுவைய தூக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாராம், மெக்கெல்லன் சொல்ற கதை. எல்லாரும் அந்த பாத்திரத்த ராட்சசியா ஆடுவாங்க, டெஞ்ச் அப்படி இல்ல. அவ புருஷன் மேல உசுர வச்சிருக்கா, அவன் ஆசைப்பட்டது கெடைக்கணும்னு துடிக்கறா, கொடூரம் அவளுக்குள்ள ஏற்கனவே இருந்தா ஏன் பேய்கள கூப்பிட்டு என்ன கல்லாக்குன்னு கேக்கப் போறா? இந்த ஒரு கேள்வில காலேஜ்ல நோட்ஸ் மனப்பாடம் பண்ணதெல்லாம் காலி.

இப்படித்தான் அவங்க பார்வை முழுசும். தியரி பேச மாட்டாங்க, ஓஹே பெருசா ஏதாவது விளக்கம் கொண்டு வந்தா வெட்டி விட்டுட்டு வரிய பாருங்கறாங்க. கிளியோபாட்ராவுக்கு (1987, ஆன்டனி ஹாப்கின்ஸ் கூட) கூப்பிட்டப்ப நான் குட்டச்சி, அதுவும் மாதவிடாய் நின்ன வயசு, என்னையா கூப்பிடறீங்கன்னு டைரக்டர் பீட்டர் ஹால்கிட்டயே கேட்டவங்க. ஸ்கிரிப்ட் படிக்காமலே படம் ஒத்துக்கறதுல பேர் போனவங்க. கூட யாரு வேலை செய்யறா, அதான் முக்கியம். ரிட்டயர்மென்ட்னு எடுத்தாலே கோவம் வரும். வெனிஸ் வணிகன் நாடகம் சுத்தமா புடிக்காதுன்னு பச்சையா சொல்றாங்க, வாடகை கட்டறவர்னாலும் விடல. இந்த நேர்மை எனக்கு புடிச்சிருக்கு, நம்ம ஆளுங்க யாராவது தனக்கு சோறு போட்டவர பத்தி இப்படி பேசுவாங்களா.

கொறைகளும் இருக்கு. நாடகங்கள் தெரியாம கேட்டா பாதி எடத்துல யாரு யாரு மகன்னே புரியாது, கதைச்சுருக்கம் ஒண்ணு ரெண்டு நிமிஷம் முன்னாடி போட்டிருக்கலாம். சினிமா கிசுகிசு எதிர்பாத்தா ஏமாந்துடுவீங்க, பாண்ட் பத்தி கேக்கணும்னா யூட்யூப் பேட்டிகளே போதும். நான் யூஸ் பண்ண ஆப்புல நாடகத்து பேரே காட்டாம வெறும் நம்பர்தான் வந்துச்சு, லியர் அரசன் நாடகம் எங்கன்னு தேடியே உசுரு போச்சு. அப்பறம் பேப்பர் புக்குல டெஞ்ச் கையால போட்ட கோட்டோவியங்கள் இருக்கு, மொதல்ல செட் டிசைனர் ஆகணும்னுதான் அவங்க ஆசையே, அதெல்லாம் ஆடியோல போச்சு. கண்ணுக்கு வேணும்னா புக்கு, காதுக்கு வேணும்னா இது, ரெண்டும் வாங்கற அளவுக்கு இல்ல.

வேகத்த கூட்டாதீங்க, 1.25ல கூட அந்த செய்யுள் வரிகள் செத்துடும். வரிசையா கேக்கணும்னும் இல்ல, தெரிஞ்ச நாடகத்துல ஆரம்பிங்க. மேக்பெத் பகுதி முடிச்சதும், அதே தயாரிப்ப டிவிக்காக படம் புடிச்சு 1979ல போட்டத தேடிப் பாருங்க, தூக்கத்துல நடக்கற சீன்ல அந்தம்மா ஒரு ஓலம் விடும் பாருங்க, ராத்திரில பாத்தா ஹெட்போன் போட்டுக்கோங்க, இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவ தட்டுவாங்க.