தெலுக் இந்தானில் எங்கே தங்குவது: அம்மாவோடு ஊருக்குப் போன அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் தெலுக் இந்தானுக்கு வருகிறவர்களில் பலர் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்து, ஒரு தட்டு சீ சியோங் ஃபன் (அரிசி மாவுச் சுருள்) சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கே ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, வெளிநாட்டில் குடியேறி, வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சித்ரா பௌர்ணமிக்கு ஊருக்கு வரும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் எங்கே தங்குவது என்பது பெரிய கேள்வி. மெல்பர்னில் இருக்கும் சொந்தக்காரர்கள் பலர் கேட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முன்பு இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் பெட்டியை இறக்கினால் போதும், பாய் விரிக்க இடம் கிடைத்துவிடும். இப்போது அந்த லயம் இல்லை, அந்த இடத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது. சொந்தங்கள் ஆளுக்கொரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்), தங்கள் குடும்பத்துக்கே போதாத சின்ன வீடுகளில் இருக்கிறார்கள். பெரியம்மா "இங்கேயே தங்குங்க" என்று பாசத்தோடுதான் கூப்பிட்டார். ஆனால் நாங்கள் ஐந்து பேர் போய் இறங்கினால் அவர் பேரப்பிள்ளைகள் வரவேற்பறையில் படுக்க வேண்டும். அதை அவர் வாயால் சொல்ல மாட்டார், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவுக்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் தங்க ஆசை. அவர் சின்ன வயதில் டவுனுக்கு வந்தால் அதுதான் அடையாளம். அதனால் முதலில் பழைய டவுனில் ஒரு ஹோட்டலில் தங்கினோம். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். 1885இல் லியோங் சூன் சோங் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் கட்டியது. வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றே தளம். ஊருக்குத் தண்ணீர் தேக்கி வைக்கக் கட்டிய கோபுரம், மண் இளகலாக இருந்ததாலும் தொட்டியின் பாரத்தாலும் சாய்ந்துவிட்டது. என் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி விளக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சாப்பாட்டுக்கும் அங்கே குறையில்லை. காலையில் இறங்கி நடந்தால் ரொட்டி சானாய், மீ ரெபூஸ். சீ சியோங் ஃபன்னை இந்த ஊரில் குழம்பு ஊற்றாமல், உள்ளே உலர்ந்த இறாலும் பொரித்த வெங்காயமும் வைத்து, ஊறவைத்த பச்சை மிளகாயோடு கொடுப்பார்கள். அறையும் சுத்தம், ஏர்கான் நன்றாக வேலை செய்தது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. நாங்கள் வந்திருப்பது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். முதல் நாள் மாலையே பெரியம்மா தூக்குச்சட்டியில் நண்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்துவிட்டார். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, விருந்தாளிங்கள மேலே அனுப்பக்கூடாதுன்னு ரூலு." கீழே இருந்ததோ ஒரே ஒரு சோபா. அதில் பெரியம்மா விளிம்பில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, வந்தவங்கள வாசல்லயே உக்கார வெச்சிட்டீங்க" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சட்டியைத் திறந்து நாலு பேர் சேர்ந்து சாப்பிட ஒரு மேசை கூட இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஊருக்கு வருகிறவர்கள் அறையை மட்டும் பார்க்கக் கூடாது. நம்மைப் பார்க்க யார் யார் வருவார்கள், அவர்களை எங்கே உட்கார வைப்போம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். வயதானவர்களைக் கூட்டி வந்தால் இது இன்னும் முக்கியம். அம்மா வந்தது கோபுரம் பார்க்க மட்டுமல்ல, கூடப் பால் மரம் வெட்டிய தோழிகளோடு உட்கார்ந்து பேசவும்தான்.

பிறகு ஊத்தான் மெலிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தாமானில் ஹோம்ஸ்தே எடுத்தோம். இங்கே ஹோம்ஸ்தே என்றால் முழு வீடும் நமக்குத்தான், வீட்டுக்காரர் கூட இருக்க மாட்டார். மூன்று அறை, பெரிய வரவேற்பறை, வாசலில் இரண்டு கார் நிற்கும். இரவுக்கு 230 வெள்ளி (ரிங்கிட்), அது போக முன்பணம் 100 வெள்ளி. கிளம்பும்போது முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஹோட்டலில் இரண்டு அறை எடுத்த கணக்கோடு பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

படங்களைப் பார்த்து மட்டும் வீட்டை முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்காரரிடம் போனில் கேட்டே ஆக வேண்டியவை சில உண்டு. குளியலறை முதலில். பல வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு தடுப்புப் படி இருக்கும், உள்ளே கழிப்பறை குந்தி உட்காரும் வகையாக இருக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது ஆகாது. நாங்கள் எடுத்த வீட்டில் ஒன்று குந்தும் வகை, ஒன்று உட்காரும் வகை. உட்காரும் வகை இருந்த அறையை அம்மாவுக்குக் கொடுத்து, குளிக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் போட்டோம்.

அப்புறம் சமையல். எங்கள் வீட்டுக்காரர் ஒரு மலாய்க்கார அக்கா. பன்றி இறைச்சியும் மதுவும் வீட்டுக்குள் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அது நியாயம்தானே. அம்மா விளக்கேற்ற வேண்டும் என்று நான் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். "வராந்தாவில் ஏற்றிக்கொள்ளுங்கள், திரைச்சீலை மட்டும் கவனம்" என்றார். தமிழர்கள் நடத்தும் வீடுகளும் இருக்கின்றன. சாமி மேடை இருக்கும் வீடுகளில் மாட்டிறைச்சி கூடாது என்பார்கள். எதுவானாலும் முன்னாலேயே பேசிக்கொண்டால் மனக்கசப்பு வராது.

ஊர் பேராக் ஆற்றின் வளைவில் தாழ்வான நிலத்தில் இருக்கிறது. கடல் பெருக்கு ஏறும் நாட்களில் ஆற்றோரத்தில் தண்ணீர் ஏறுவது உண்டு. ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று கேளுங்கள். பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருக்கும் கூடுதலாகத்தான் இருக்கும்.

சித்ரா பௌர்ணமி என்றால் நகரத்தார் கோயில் தேரைப் பார்க்க வெளியூர்க் கூட்டமும் சேர்ந்துவிடும். அந்த வாரத்துக்கு வீடு வேண்டுமென்றால் சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு சொல்லி வையுங்கள். நோன்புப் பெருநாள் விடுமுறையிலும் இதே நெருக்கடிதான்.

இங்கே வந்து சேர்வது முன்பு சுலபமாக இருந்திருக்கும். வெள்ளீயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1893இலேயே தாப்பா ரோட்டிலிருந்து இந்த ஊருக்கு ரயில் விட்டார்கள், அப்போது ஊர்ப் பெயர் தெலுக் ஆன்சன். அந்தக் கிளைப்பாதை இப்போது இல்லை. இன்று ரயிலில் வந்தால் தாப்பா ரோட்டிலேயே இறங்கி, காரில் சுமார் முக்கால் மணி நேரம் வர வேண்டும். கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது. குடும்பமாக வந்தால் விமான நிலையத்திலேயே கார் வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது. தாமானில் தங்கி, கோயிலுக்கும் தோட்டத்துக்கும் போய் வர வேறு வழி இல்லை.

மைகார்டு (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை) வைத்திருப்பவர்கள் மறக்காமல் கொண்டு வாருங்கள். வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு, குடியுரிமை உள்ளவர்களுக்குக் கிடையாது. அம்மாவுக்கு ஒருநாள் ரத்த அழுத்தம் ஏறி, அரசாங்க கிளினிக்குக்குப் போனபோதும் அந்த அட்டையால் 1 வெள்ளிதான் ஆனது. மருந்தும் சேர்த்து. ஊரிலேயே நிபுணர்கள் உள்ள பெரிய அரசாங்க மருத்துவமனையும் இருப்பதால் வயதானவர்களைக் கூட்டி வரப் பயப்பட வேண்டாம்.

ஹோம்ஸ்தேக்கு மாறிய பிறகு வீடு நிறைய ஆட்கள். மாலையில் அம்மாவின் தோழிகள் வந்தால் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போட்டுப் போட்டு எனக்குக் கை ஓயாது. அத்தை ஒரு நாள் சமையலறையையே கைப்பற்றிக்கொண்டார். பிள்ளைகள் வாசலில் பக்கத்து வீட்டுப் பையன்களோடு பந்து விளையாடினார்கள். வந்தவர்கள் யாரும் சோபா விளிம்பில் உட்காரவில்லை, தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. சித்தப்பா இருக்கும் தோட்டத்தில் இப்போது காவல் சாவடி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சொந்தக்காரரிடம் கார் எண்ணை முதல் நாளே கொடுத்து, சாவடியில் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக முடியும். மழை பெய்திருந்தால் செம்பனைக் காட்டு மண் ரோட்டில் வாடகைக் காரை விடாதீர்கள், சாவடிக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு சித்தப்பாவின் வண்டியில் போவதுதான் சரி.