டிரம் அடுப்பு: உடம்பு நன்று, குழாய்தான் மோசம்

பினாங்கு வெயிலில் பட்டறைக்கு அடுப்பு எதற்கு என்று சிரிப்பவர்கள், மழைக்காலத்தில் பால்மரப் (ரப்பர் மரப்) பலகையை வெறும் காற்றில் காயவைத்துப் பார்க்கட்டும். ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது அரிது. ஏர்கோன் அறைக்குப் போகும் நாற்காலிக்கு 8 முதல் 12 வரைதான் இருக்கவேண்டும். கூடினால் மூட்டு விட்டுவிடும். பலகை காயவைக்கும் அறையைச் சூடாக்கத்தான் பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் இந்த விறகடுப்பைச் செய்து விற்கிறார்கள். 200 லிட்டர் டிரம்மைப் படுக்கப்போட்டு, காலும் கதவும் வைத்தது.

டிரம்மில் குறை சொல்ல அதிகமில்லை. கால் ஆடவில்லை, வெல்டிங் சுத்தம். ஆனால் தகரம் 1 மில்லிமீட்டர் அளவுதான். தணல் நேராகப் பட்டால் அடிப்பக்கம் சீக்கிரமே பொத்துப்போகும். அடியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் தீச்செங்கல் அடுக்கிவிட்டுத்தான் விறகு வைக்கவேண்டும். முதல் இரண்டு தடவை வெட்டவெளியில் எரித்து, பழைய பெயிண்டைப் போக்கிவிடுங்கள். கதவு இடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று புகுகிறது, நெருப்பு உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். வெப்பம் தாங்கும் நார்க்கயிறு ஒட்டினால் சரியாகும்.

கூடவே தரும் புகைக்குழாய் வேண்டவே வேண்டாம். ஜிங்க் பூசியது, அளவுமீறிச் சூடானால் வரும் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும். 6 அங்குலக் கறுப்பு இரும்புக் குழாய் தனியாக வாங்குங்கள். ஒவ்வொரு மூட்டிலும் ஒடுங்கிய முனை கீழ்நோக்கி இருக்கட்டும். மாற்றிப் பொருத்தினால் புகையிலிருந்து படியும் தார் வெளியே வழியும். மூட்டுக்கு மூன்று ஸ்க்ரூ. கூரை தகரம்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள், அதைத் தாங்கும் சட்டம் மரம். குழாய்க்கும் மரத்துக்கும் 18 அங்குலம், அடுப்புக்கும் மரத்துக்கும் 36 அங்குலம் இடைவெளி தேவை.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தப்புப் பண்ணுகிறார்கள். வார்னிஷில் கலக்கும் தின்னரின் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும். வார்னிஷ் அடிக்கும் இடத்திலும் மரத்தூள் பறக்கும் இடத்திலும் இந்த அடுப்புக்கு இடமில்லை. செங்கல் சுவரில் துளைபோட்டு, வாய் வெளியே, உடம்பு உள்ளே என்று பொருத்துங்கள்; விறகை வெளியிலிருந்தே தள்ளலாம். அப்படியும் அறைக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வேண்டும். அந்த வாயுவுக்கு வாடை கிடையாது.

விறகு காய்ந்த வெட்டுத்துண்டாக இருக்கட்டும். பிளைவுட், எம்.டி.எஃப் (மரநாரைப் பசையிட்டு அழுத்திய பலகை), மருந்தேற்றிய பலகை எதுவும் போடக்கூடாது. மரத்தூளை அள்ளி வீசினால் குப்பென்று முகத்தில் அடிக்கும்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே சிமெண்டுத் தரையில் வையுங்கள். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும்.