சோனி ஏ6400-க்கு மலிவு விலை அண்டர்வாட்டர் ஹவுசிங்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கேமராவை நீருக்குள் கொண்டுபோக உதவும் பாலிகார்பனேட் பெட்டியை, அதாவது ஹவுசிங்கை, வாங்க நினைப்பவர்கள் முதலில் பயப்படுவது தண்ணீர் கசிவுக்குத்தான். மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைச் சுத்தமாக வைத்திருந்தால் அது அபூர்வம். அன்றாடம் படுத்துவது கண்ணாடியில் படியும் ஆவியும், ஆழத்தில் மக்கர் செய்யும் பட்டன்களும்தான்.

சீஃப்ராக்ஸ் நிறுவனத்தின் சால்டட் லைன் ஹவுசிங் வரிசை 60 மீட்டர் ஆழத்துக்கானது. ஆனால் எந்தப் பெட்டியானாலும் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். மலிவு ஹவுசிங்குகளில் பட்டனுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் மெல்லியது. 25, 30 மீட்டருக்குக் கீழே சில பட்டன்கள் அழுத்தியபடியே நின்றுவிடும். மேலே வந்தால் தானாக விடுபடும். அதனால் செட்டிங் எல்லாவற்றையும் மேலேயே முடித்துக்கொண்டு, கீழே ஷட்டரையும் டயலையும் மட்டும் தொடுவது நல்லது.

மூடுவதற்கு முன் மெனுவில் இரண்டு மாற்றங்கள் கட்டாயம். வியூஃபைண்டர்/மானிட்டர் தேர்வை ஆட்டோவில் விடாமல் மானிட்டருக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஹவுசிங்கின் பின்சுவரைக் கண் என்று நினைத்து சென்சார் திரையை அணைத்துவிடும். ஸ்ட்ரோப் (நீருக்கடியில் பயன்படும் தனி ஃபிளாஷ்) பயன்படுத்தினால் லைவ் வியூ டிஸ்ப்ளேயில் செட்டிங் எஃபெக்ட்டை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் எஃப்/8, 1/160, ஐஎஸ்ஓ 200 வைத்ததும் திரை இருட்டாகி எதுவும் தெரியாது. ஃபைபர் ஆப்டிக் கேபிள் மூலம் ஸ்ட்ரோபை இயக்க கேமராவின் ஃபிளாஷ் எழும்பியிருக்க வேண்டும். அது படம் எடுப்பதற்குச் சற்று முன் முன்-ஒளி ஒன்றை அடிக்கும் என்பதால், ஸ்ட்ரோபிலும் முன்-ஒளியைத் தவிர்க்கும் மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓ-ரிங்கை விரல் நுனியால் பிதுக்கி எடுங்கள். ஊசி, கத்தி கிட்டவே வரக்கூடாது. ஹவுசிங்கோடு வந்த கிரீஸில் மிளகளவு போதும், வளையம் பளபளத்தால் சரி. தண்ணீரை அடைப்பது கிரீஸ் அல்ல, நசுங்கும் ரப்பர்தான். அதிகம் தடவினால் முடியும் மணலும் ஒட்டும். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலே கசியும். வாக்குவம் பம்ப் வசதி இருந்தால் காற்றை இழுத்துவிட்டு அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் முதல் டைவில் கேமராவுக்குப் பதிலாக டிஷ்யூ பேப்பரை வைத்து இறக்குங்கள். பெரும்பாலான கசிவு முதல் இரண்டு மூன்று மீட்டரிலேயே தெரிந்துவிடும், அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் ரிங் இன்னும் இறுகியிருக்காது.

பாலிகார்பனேட் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே கேமரா சூடாகும்போது, ஈரம் போய் உட்காரும் குளிர்ந்த இடம் போர்ட்டின் (லென்ஸுக்கு முன்னால் உள்ள ஜன்னல்) கண்ணாடிதான். எனவே கேமராவை ஏசி அறையின் வறண்ட காற்றில் வைத்து மூடி, கூடவே புதிய சிலிகா ஜெல் பை போடுங்கள். அந்தமானின் ஹேவ்லாக் போன்ற புழுக்கமான ஊரில், படகில் வைத்துத் திறந்தால் அடுத்த டைவில் படமெல்லாம் மங்கல்தான். படகு போய்ச் சேரும்வரை பெட்டி வெயிலில் காயாமல் ஈரத்துண்டால் மூடி வையுங்கள்.

16-50 கிட் லென்ஸ் தட்டைப் போர்ட்டுக்குப் பின்னால் குறுகிவிடும்: 16 எம்எம்-இல் 83 டிகிரியாக இருந்த பார்வைக்கோணம் நீருக்குள் 60 டிகிரி ஆகிவிடும். மீன், நத்தை எடுக்க அதுவே தாராளம். பவளத்திட்டு முழுவதும் வேண்டுமென்றால் போர்ட்டுக்கு வெளியே மாட்டும் வைட் வெட் லென்ஸ் தேவை. அதை நீருக்குள் போனதும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். இடையில் சிக்கிய காற்றுக்குமிழி வெளியேறாமல் ஓரம் தெளிவாக வராது.

கரையேறியதும் நன்னீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அப்படியே ஒவ்வொரு பட்டனையும் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். பட்டனின் தண்டுக்குள் உப்பு உறைந்துவிட்டால் பட்டன் ஆழம் இல்லாமலேயே சிக்கும்.