கர்ப்பிணிகளுக்கான உணவு உதவி: பையா, அட்டையா, பந்தியா?

கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் உணவு உதவியை மதிப்பிடும்போது, எத்தனை கிலோ கொடுத்தார்கள் என்பதைவிட, கொடுத்தது யாருடைய தட்டில் விழுந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பொட்டலப் பை, கடை அட்டை, சமைத்த பந்தி என உதவி மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, உணவின் தரத்துக்கு நிகராக இந்த வழியும் பலனைத் தீர்மானிக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்ப காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின் ஆறு மாதங்கள் வரையிலும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறுவதை உரிமையாக்கியது. நாளொன்றுக்கு 600 கிலோகலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்று அதன் அட்டவணை அளவும் குறிக்கிறது. வருமானச் சான்று கேட்டு யாரையும் வாசலில் நிறுத்தாதது இதன் பெரிய நிறை. ஆனால் பல இடங்களில் இது மாவுப் பொட்டலமாகவே கைக்கு வருகிறது, வீட்டுக்குள் வந்த மாவு எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்ணும் பெண்ணுக்கு அந்த 600 கிலோகலோரியில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை வழங்கல் பதிவேடு காட்டாது.

கர்நாடகம் 2017இல் தொடங்கிய மாத்ருபூர்ணா திட்டம் இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. அங்கன்வாடியிலேயே அமர்ந்து உண்ணும் முழு மதிய உணவு என்பதால், உணவு உரியவரின் வயிற்றுக்கே போகிறது. ஆனால் நிறைமாதத்தில், வெயிலில், ஒரு வேளைச் சோற்றுக்காக நாள்தோறும் நடந்து வரச் சொல்வது எளிய காரியமன்று. அங்கன்வாடி தொலைவில் உள்ளவர்களுக்குப் பொட்டலமே மேல் என்று ஆகிவிடும்.

தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் கடை வழியாக உணவு உதவி தரும் அமெரிக்காவின் விக் (WIC) திட்டம் 1972இல் சோதனை முயற்சியாகச் சட்டமாகி, 1974இல் நடைமுறைக்கு வந்தது. இதில் நான் மிகவும் மதிப்பது உணவைவிட, அதனுடன் சேர்ந்தே வரும் ஊட்டச்சத்து ஆலோசனையையும் தாய்ப்பால் ஆதரவையும்தான். 2009இல் உணவுப் பட்டியலைத் திருத்திக் காய்கனிகளையும் முழுத்தானியங்களையும் சேர்த்தது நல்ல மாற்றம். ஆயினும் பட்டியலில் உள்ள பொருளை, குறித்த அளவுப் பொதியில்தான் எடுக்க வேண்டும் என்ற விதி கடையில் தடுமாற வைக்கிறது; தவறான பொதியை எடுத்துவிட்டு, பின்னால் வரிசை காத்திருக்க, அதைத் திருப்பி வைக்கும் கூச்சத்தை எந்த மதிப்பீட்டு அறிக்கையும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

அந்தக் கூச்சம் மிகக் குறைவாக இருப்பது, 2006இல் பிரிட்டனில் தொடங்கிய ஹெல்தி ஸ்டார்ட் திட்டத்தில். காகிதச் சீட்டுக்குப் பதிலாக இப்போது முன்பணம் ஏற்றிய அட்டை தரப்படுகிறது. பால், காய்கனி, பருப்பு வகைகளுக்குள் எதை வாங்குவது என்பதை அவரவரே முடிவுசெய்யலாம். வடிவத்தை மட்டும் வைத்துச் சொன்னால், மூன்று நாடுகளின் திட்டங்களில் என் முதலிடம் இதற்கே.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை நல்ல அளவுகோல். ஆற்றலும் புரதமும் சமநிலையில் உள்ள கூடுதல் உணவை, ஊட்டக்குறைவு மிகுந்த மக்களிடையே மட்டுமே அது பரிந்துரைக்கிறது. புரதம் மிகுந்த துணையுணவை அதே மக்களுக்குக்கூட வேண்டாம் என்கிறது. புரதப் பொடி டப்பாவைக் கண்டதும் மகிழ்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வேண்டும் என்பதும் அதே பரிந்துரைதான்.

முதலிடம் கொடுத்த திட்டத்திலேயே பெரிய குறை இங்குதான் தென்படுகிறது. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த ஏறத்தாழ 28 நாட்களில் மூடிக்கொள்கிறது. அதில் குறைபாடு நேரும் வாய்ப்பைக் குறைப்பது ஃபோலிக் அமிலம்; அதனாலேயே கருத்தரிக்கும் முன்பிருந்து 12ஆவது வாரம் வரை அதை எடுத்துக்கொள்ளுமாறு பிரிட்டனின் மருத்துவ அறிவுரை கூறுகிறது. ஹெல்தி ஸ்டார்ட் இலவசமாகத் தரும் மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது, ஆனால் கர்ப்பிணி அந்தத் திட்டத்தில் சேர்வதற்குக் குறைந்தது 10 வாரம் ஆகியிருக்க வேண்டும்.