லண்டன் களிமண்ணில் ரெட் ஹாட் போக்கர்: பல வருட அனுபவம்

தீப்பந்தம் போல நெட்டையான கதிரில் பூக்கும் ரெட் ஹாட் போக்கர் செடியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், உங்கள் தோட்டத்தில் ஜனவரி மாதம் தண்ணீர் எங்கே தேங்கும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். குளிரைப் பற்றிக் கேட்பதில்லை. நாங்கள் இருப்பது வடமேற்கு லண்டன். இங்கே களிமண் மண்வெட்டியில் ஒட்டினால் விடாது. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை நாளில் சொதசொதவென்று கிடக்கும். அதில் சில வகைகளைப் பல வருடம் வைத்துப் பார்த்துவிட்டேன். இந்தச் செடியைக் கொல்வது உறைபனி அல்ல, குளிர்காலத்து ஈரம்தான்.

2018 பிப்ரவரி கடைசியில் ‘பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்’ என்று பெயர் வாங்கிய பனிக்காற்று அடித்தபோது இலைகளெல்லாம் வெந்த கீரையாகத் துவண்டு போயின. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வெயில் ஏறியதும் நடுவிலிருந்து புதுக் குருத்து வந்துவிட்டது. ஆனால் 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை இங்கிலாந்தில் கொட்டிய மழை வேறு ரகம். 1836-இல் தொடங்கும் பதிவுகளில் எந்தப் பதினெட்டு மாதத்திலும் அவ்வளவு பெய்ததில்லை. வேலியோரப் பள்ளத்தில் இருந்த தூர் அப்போது அடியோடு அழுகிப் போனது. அதே வகை, நாலு எட்டு தள்ளி மேட்டில் இருந்தது, ஒரு சேதமும் இல்லாமல் பூத்தது.

ஏன் இப்படி என்பதற்கு இதன் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இதைப் பார்த்ததும், “என்னடா, கற்றாழை இப்படிப் பூத்திருக்கு!” என்றார். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸும் 1753-இல் இதைக் கற்றாழைப் பேரினத்தில்தான் சேர்த்திருந்தார். 1794-இல்தான் மோன்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் நைஃபோஃபியா என்று தனியாகப் பிரித்தார். இன்றைக்கும் இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் கற்றாழைக்குச் சொந்தம் என்பதால் தண்ணீர் வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் இதன் பல இனங்கள் ஓடைக்கரையிலும் சதுப்பான புல்வெளியிலும் வளர்பவை. டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் கோடையில் மழை, குளிர்காலம் வறட்சி. லண்டனில் பெரும்பாலும் தலைகீழ். ‘வறட்சி தாங்கும்’ என்று நர்சரிச் சீட்டில் போட்டிருப்பது பாதி உண்மைதான். உயிரோடு இருக்கும், பூப்பது சந்தேகம். ஹீத்ரோவில் 40 டிகிரியைத் தாண்டிய 2022 ஜூலையில், தண்ணீர் ஊற்றாமல் விட்ட தூரில் பூந்தண்டு முழங்கால் உயரத்தோடு நின்று, மொட்டுகள் பாதி கருகின. பூந்தண்டு கிளம்பும் மாதங்களில் வாரம் ஒருமுறை வேர் நனைய ஊற்றினால் போதும்.

நடும்போது ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: குருத்தின் அடி மண்ணுக்குள் புதையக் கூடாது. நான் மண்ணை மேடாக்கி, சரளை கலந்து, குருத்தைச் சுற்றிலும் சரளையையே பரப்பி வைக்கிறேன். மட்கிய உரம் போட்டாலும் தூரைச் சுற்றித்தான், மேலே அல்ல. நாள் முழுக்க வெயில் வேண்டும். நிழலில் இலை மட்டும் நீளும். தொட்டியில் வளர்க்க நான் சொல்ல மாட்டேன்; வேர் தடித்துப் பெருகும், சின்னத் தொட்டி என்றால் குளிர்காலத்தில் மொத்தமாக உறைந்தும் போகும்.

வகைக்கு வருவோம். கடைக்காரர் வகைப் பெயர் போடாமல், இதன் இன்னொரு பொதுப் பெயரான ‘டார்ச் லில்லி’ என்று மட்டும் எழுதி வைத்திருப்பதை வாங்காதீர்கள். எப்போது பூக்கும், எவ்வளவு உயரம் என்று தெரியாமல் இடம் ஒதுக்க முடியாது. 1921-இல் வந்த ‘ராயல் ஸ்டாண்டர்ட்’ எல்லோர் மனதிலும் இருக்கும் அந்தப் பழைய முகம். மொட்டு சிவப்பு, விரிந்தால் மஞ்சள், கீழிருந்து மேலாக விரிவதால் ஒரே கதிரில் இரண்டு நிறம். ஏறக்குறைய ஒரு மீட்டர் வளரும். அழகுதான், ஆனால் பக்கத்தில் இளஞ்சிவப்பு ரோஜா இருந்தால் கண் கூசும். சின்னத் தோட்டத்துக்கு ‘லிட்டில் மெய்ட்’ மேல். அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம், வெண்ணெய் நிறக் கதிர், இலையும் மெலிசு. இதை உருவாக்கியவர் எசெக்ஸ் தோட்டக்கலைஞர் பெத் சாட்டோ. எனக்குப் பிடித்தது ரூப்பெரி. மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகு செப்டம்பர், அக்டோபரில் உருண்டையான ஆரஞ்சுத் தலைகளோடு வரும். அந்த மாதங்களில் இங்கே வேறு என்ன அப்படி எரிகிறது? குளிர் அதிகமுள்ள வடக்குப் பக்கம் இருப்பவர்கள் காலெசென்ஸ் பாருங்கள். லெசோத்தோ, டிராக்கன்ஸ்பர்க் உயரங்களிலிருந்து வந்தது, இலை நீலச் சாம்பல் நிறம், பூக்காத நாளிலும் பார்க்கச் சகிக்கும்.

ஏனென்றால் மற்ற வகைகளின் இலை சகிக்காது. இதைக் கடைப் படங்களில் காட்டவே மாட்டார்கள். பூ சில வாரம்தான். மிச்ச நாளெல்லாம் நீளமான, மடிந்து சரிந்த, நுனி காய்ந்த இலைக்குவியல். ஓரத்தில் நுண்ணிய பற்கள் வேறு, கையுறை இல்லாமல் இழுத்தால் கீறும். அதனால் வாசலுக்கு நேரே வைக்காமல், முன்னால் சால்வியாவோ அலங்காரப் புல்லோ வைத்து அடியை மறைத்திருக்கிறேன். இலை அசிங்கமாக இருக்கிறதே என்று இலையுதிர் காலத்தில் வெட்டிவிடாதீர்கள். நவம்பரில் இலைகளை மேலே சேர்த்துக் குடுமி போலக் கயிற்றால் கட்டினால் மழை குருத்துக்குள் இறங்காது. கத்தரிப்பது ஏப்ரலில்.

அந்த இலைக்குவியல் நத்தைகளுக்குச் சத்திரம். பகலில் அடியில் ஒளிந்திருந்து இரவில் பூந்தண்டை ராவி வைக்கும், தண்டு அந்த இடத்தில் வளைந்துவிடும். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் என் வழி. முயல் இதைத் தொடுவதில்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்தப் பூவுக்குத் தேன்சிட்டுகள் வரும். இங்கே தேன்சிட்டு ஏது? பம்பிள்பீ வண்டுகளும், சில காலைகளில் புளூ டிட் குருவிகளும் கதிரில் தொங்கிக் குடிக்கின்றன. தேன் அவ்வளவு சுரக்கும். கதிரைத் தட்டினால் கையில் சொட்டும்.

தூர் நடுவில் வெறுமையாகிப் பூ குறைந்தால் பிரித்து நட வேண்டும். அதுவும் வசந்தத்தில் மட்டும். குளிருக்கு முன் பிரித்தால் காயம் ஆறுவதற்குள் ஈரம் ஏறிவிடும். பழைய தூரைத் தோண்ட நல்ல முதுகு வேண்டும். பிரித்தது பெரும்பாலும் அந்த வருடம் பூக்காது, பொறுத்திருங்கள். விதை போட்டும் வளர்க்கலாம், ஆனால் கலப்பு வகைகளின் விதை தாயைப் போல வராது. இரண்டு லிட்டர் தொட்டிச் செடி பெரும்பாலும் 10 முதல் 15 பவுண்டுக்குள் கிடைக்கும். ஒன்று வாங்கினால் போதும், தூர் தானே பெருகும்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் மட்டும் வாங்கும் முன் உள்ளூர் கவுன்சிலின் களைப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸின் புளூ மவுண்டன்ஸ் பக்கத்திலும் இது தோட்டத்திலிருந்து தப்பிப் புதர்க்காட்டுக்குள் பரவியிருக்கிறது. ஏற்கனவே வீட்டில் இருந்தால், பூ வாடியதும் காய் பிடிக்க விடாமல் தண்டை அடியோடு வெட்டுங்கள். தூரைப் பிடுங்கினால் ஓடைப் பக்கம் கொட்டாதீர்கள்.